சிங்கப் படம் போட்ட ஞாயிற்றுக்கிழமை

அந்தச் சேர்ல வேண்டாம் மதினி, அது தம்பி உக்கார்றது. இப்படி ஃபேனுக்கு நேரா வாங்க. அவன் வேலைக்குப் போயிருக்கான், வர சாயங்காலம் ஆகும். இருந்தாலும் அந்தச் சேர் வேண்டாம். குஷன் கொஞ்சம் அமுங்கியிருந்தாலும் கண்டுபிடிச்சிடுவான். அவ்வளவு கூர்மை.

புளியங்குடியில இருந்து பஸ் ஏறி வந்திருக்கீங்க, முதல்ல தண்ணி குடிங்க. மாரிச்செல்விக்கு நீங்க சித்தி. அவ அம்மா இல்லாத பிள்ளை, என் தம்பிக்குக் குடுக்கிறதுன்னா நீங்கதான் விசாரிக்கணும், விசாரிக்கத்தான் வேணும். ஆனா வந்ததும் வராததுமா எதிர்த்த வீட்டு மேரியையா பிடிச்சீங்க? அவ வாசல்ல நின்னு உங்ககிட்டப் பேசினதை நான் ஜன்னல் வழியாப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். கையை இப்படி இப்படி ஆட்டினாளே. அவ தைக்கிற ஜாக்கெட்டு மாதிரிதான் அவ பேச்சும். அளவே இருக்காது.

என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும். சங்கரவேல் முதல் பொண்டாட்டியை அடிச்சு விரட்டிட்டான்னு சொல்லியிருப்பா. மண்டை உடைஞ்சதைச் சொன்னாளா? யாரு மண்டைன்னு சொன்னாளா? என் தம்பி மண்டை மதினி! கட்டின பொண்டாட்டி, டிவிடி பிளேயரைத் தூக்கிப் புருஷன் மண்டையில போட்டா. நீங்க உங்க ஊர்ல எங்கயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா? இங்க சங்கரன்கோயில்ல நாங்க கேள்விப்பட்டதில்லை. அவனுக்குத் தையல் போட்டிருக்கு, தலைமுடியை ஒதுக்கினா இன்னைக்கும் தெரியும். நடந்ததை நடந்தபடி சொல்லுதேன். கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எங்க அம்மாவும் அப்பாவும் ஒருத்தர் பின்னால ஒருத்தரா போய்ச் சேந்தப்ப அவன் ட்ரவுசர் போட்ட பையன். நான்தான் சோறு ஊட்டி வளத்தேன். எனக்கும் கல்யாணம் ஆச்சு, எங்க வீட்டுக்காரர் பம்பாய்க்கு வேலைக்குப் போனவர் போனவர்தான். அதுக்கப்புறம் எனக்கு இவன்தான் எல்லாம். இந்த ஆவுடையம்மாளுக்கு வேற போக்கிடம் கிடையாது.

அவனைப் பத்திக் கேளுங்க. குடி கிடையாது. பீடி சிகரெட் கிடையாது. தறி ரிப்பேர்ல அவன் கை வச்சான்னா ஓடாத தறியும் ஓடும். ஞாயித்துக்கிழமை மட்டும் லீவு. அன்னைக்கு வீட்டுல உக்காந்து படம் பாப்பான். கெட்ட பழக்கம்னு சொன்னா அது ஒண்ணுதான்.

அதுக்காகவே டிவிடி பிளேயர் வாங்கினான். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஜெபராஜ்னு ஒருத்தர் சிடி கடை வச்சிருக்கார், வாடகைக்குக் குடுப்பார். காலையிலயே போயிடுவான். படத்து அட்டையெல்லாம் ஆல்பம் மாதிரி சொருகி வச்சிருப்பாங்க பாத்தீங்களா, ஒவ்வொண்ணாப் புரட்டுவான். அட்டையில அருவா இருக்கணும், இல்லாட்டி துப்பாக்கி. ரத்தம் தெறிச்சிருந்தா இன்னும் விசேஷம். பாட்டு, காதல், குடும்பம், அழுகை எதுவும் ஆகாது. இங்கிலீஷ்காரன் படத்தைத் தமிழ்ல பேச வச்சு விடுவாங்களே, அதுல வெட்டு குத்து ஜாஸ்தின்னு அதைத் தேடி எடுப்பான்.

உலகம்மா, அதான் அந்த முதல் பொண்டாட்டி, வந்த புதுசுல நல்லாத்தான் இருந்தா. சுரண்டைப் பொண்ணு. ஒல்லியா, சுறுசுறுப்பா இருப்பா, வாய் ஓயாது. கொடியில துணி காயப் போடுதப்பகூட எதையாவது பேசிக்கிட்டே போடுவா. படம் பாக்கவும் ஆசையா வந்து தரையில உக்காந்தா. முதல் வெட்டுலயே முகத்தைத் திருப்பிக்கிட்டா. நீங்களே சொல்லுங்க, ஆசையா ஒருத்தன் படம் எடுத்துட்டு வந்து போடுதான், இவ செவத்தைப் பாத்தா அவனுக்கு எப்படி இருக்கும்? தாடையைப் பிடிச்சுத் திருப்பினான். திருப்பினா போதாதுன்னு பிடிச்சுக்கிட்டே பாக்க வச்சான். அவ கண்ணை மூடினா. கண்ணை மூடுதாளான்னு இவன் எப்படிப் பாக்க முடியும், படத்தையும் பாக்கணும்லா?

அதுக்குத்தான் கேள்வி கேக்க ஆரம்பிச்சான். ஒரு வெட்டு வந்ததும் நிறுத்துவான். "சொல்லு, எந்தக் கையை வெட்டினான்? இடதா வலதா?" அவ முழிப்பா. பதில் தப்பா இருந்தா தலையில ஒரு தட்டு. சும்மா, பிள்ளையளை வாத்தியார் தட்டுவார்லா, அந்த மாதிரி. அப்புறம் படத்தைப் பின்னால ஓட்டித் திருப்பியும் போடுவான். அந்தக் கை திருப்பியும் போய் ஒட்டிக்கிடும், திருப்பியும் விழும். நல்ல பொறுமைசாலி மதினி அவன்.

பொறுமை போச்சுன்னா மட்டும் கொஞ்சம் வேகம் வந்திடும். அது ஆம்பளைக்கு உள்ளதுதானே? அவ கத்துவா. அக்கம் பக்கத்துல கேட்டா மானக்கேடு. பிளேயர் ரிமோட்டு அவன் கையில, டிவி ரிமோட்டு எப்பவும் எங்கிட்டதான் இருக்கும், நான் உடனே சத்தத்தை ஏத்திடுவேன். படத்துலயும் எவளாவது கத்திக்கிட்டுத்தான் இருப்பா. எது எதுன்னு வெளிய தெரியாது. இந்தக் குடும்பத்துக் கௌரவத்தை நான் அப்படித்தான் காப்பாத்தினேன்.

ஒருநாள் அவளே வாயைத் திறந்து கேட்டா. "ஒரே ஒரு தடவை நான் ஒண்ணு எடுத்துட்டு வரட்டுமா?"ன்னு. அவன் கோபப்படலையே! "போய் எடுத்துட்டு வாட்டி, பாப்போம்"னுதான் சொன்னான். சிரிச்சுக்கிட்டே சொன்னான். எத்தனை புருஷன் அப்படிச் சொல்லுவான்?

போய் ஒரு சீரியல் எடுத்துட்டு வந்தா. அவ அம்மா வீட்டுல பாத்த சீரியலாம், கல்யாணம் வந்ததால கடைசி வாரம் பாக்க முடியலையாம். மொத்தத்தையும் டிஸ்க்கா போட்டு விக்காங்களாம். அது முழுக்க அழுகை. அந்த நாயகி புருஷனை விட்டுட்டு வீட்டை விட்டுப் போற கட்டம் வந்துச்சு. சங்கரவேல் எந்திரிச்சான், டிஸ்க்கை வெளிய எடுத்தான், ரெண்டா ஒடிச்சான். ஒடிச்ச துண்டை அவ கன்னத்துல வச்சு ஒரு இழுப்பு. லேசாத்தான். மஞ்சள் வச்சா ஆறிடுச்சு. ஜெபராஜ்கிட்ட டிஸ்க்கு தொலைஞ்சு போச்சுன்னு நான் போய்ச் சொல்லிட்டு வந்தேன்.

ஆனா அவன் பாருங்க, அதோட விடலை. அடுத்த வாரமும் "நீயே போய் எடுத்துட்டு வா"ன்னான். அவளுக்குத் திருந்த ஒரு வாய்ப்புக் குடுத்தான். அவளுக்குத் தேர்ந்தெடுக்கத் தெரியலை மதினி, அதுதான் பிரச்சினை. காமெடிப் படம் எடுத்துட்டு வந்தா. "அந்தப் பயலைப் பாத்து எதுக்குச் சிரிச்ச?"ன்னு கேட்டான். அதுக்கு அடி. சரின்னு அவனுக்குப் பிடிக்குமேன்னு ஒரு வெட்டுக்குத்துப் படம் எடுத்துட்டு வந்தா. "நக்கலாட்டி பண்ணுத?"ன்னு கேட்டான். அதுக்கும் அடி. சாமி படம் எடுத்தா. "நான் என்ன செத்தா போனேன், சாமி கும்பிட?"ன்னான். எதுதான் எடுக்கணும்னு எங்கிட்டக் கேட்டா. எனக்கென்ன தெரியும்? "புருஷன் மனசறிஞ்சு எடு"ன்னு சொன்னேன்.

அதுக்கடுத்த வாரம் நானும் அவகூட கடைக்குப் போனேன். ஆல்பத்தைப் புரட்டுதா, புரட்டுதா, ஒண்ணுலயும் கை நிக்கலை. பின்னால ஆளுங்க நிக்காங்க, எனக்கு வெக்கமாப் போச்சு. ஜெபராஜ் நல்ல மனுஷன். "என்னம்மா வேணும், சொல்லு, எடுத்துத் தாரேன்"னார்.

இவ கேக்கா: "அண்ணே, பொம்பளையே இல்லாத படம் இருக்கா?"

"பொம்பளை இல்லாமலா? போர்ப் படம் இருக்கு."

"இல்லண்ணே, ஆம்பளையும் அழகா இருக்கக் கூடாது. யாரும் சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது. பாட்டு வேண்டாம். ஆனா சாவு இருக்கணும்."

அவர் இவ கன்னத்தைப் பாத்தார். அந்தக் கோடு இருந்துச்சுல்லா, அதை. அப்புறம் என்னைப் பாத்தார். நான் தெருவுல போற ஆட்டோவைப் பாத்தேன். உள்ள போய் ஒரு டிஸ்க்கை எடுத்துட்டு வந்தார். டிவியில வருமே, காட்டு மிருகங்களைக் காட்டிக்கிட்டு ஒரு ஆளு பின்னால இருந்து மெதுவாப் பேசுவானே, அது. "இதுல மனுஷங்களே கிடையாதும்மா. எடுத்துட்டுப் போ"ன்னார். வாடகையும் வாங்கலை.

அன்னைக்குத்தான் அது நடந்துச்சு.

முதல்ல எல்லாம் நல்லாத்தான் போச்சு. சத்தியமாச் சொல்லுதேன், அவ வந்ததுல இருந்து அன்னைக்கு மாதிரி ஒரு நல்ல ஞாயித்துக்கிழமை வந்ததில்லை. சிங்கம் மானை விரட்டுது. புல்லுக்குள்ள பதுங்கிப் பதுங்கிப் போய் ஒரே பாய்ச்சல், கழுத்தைப் பிடிச்சிடுச்சு. சங்கரவேல் சேர்ல முன்னால நகந்து உக்காந்துட்டான். அந்தக் கழுத்துப் பிடியை மட்டும் பின்னால ஓட்டி ஓட்டிப் பாத்தான். "இதுல்லா படம்!"னான். "அக்கா, மத்தியானம் சமைக்காத, பரோட்டா வாங்கிட்டு வாரேன்"னான். உலகம்மாவைப் பாத்துத் தலையை ஆட்டினான். அவளுக்கு உசிரே வந்த மாதிரி இருந்துச்சு. கால் நீட்டி உக்காந்தா. கால் நீட்டி அவ உக்காந்து நான் பாத்ததே இல்லை.

அப்புறம் எருமைக் கூட்டம் வந்துச்சு. நம்ம ஊர் எருமை இல்லை, பெரிசு பெரிசா, கொம்பு இந்தா தண்டிக்கு. அதே சிங்கம் ஒரு கன்னுக்குட்டியைப் பிடிக்கப் போச்சு. எங்க இருந்தோ தாய் எருமை ஓடி வந்து கொம்புல குத்தித் தூக்கினது பாருங்க, சிங்கம் பந்து மாதிரி மேல போய்க் கீழ விழுந்துச்சு.

இவ சிரிச்சா. சிரிச்சதோட விட்டாளா? கையைத் தட்டினா. "குத்து! இன்னொரு குத்து குத்து!"ன்னு கத்தினா, சின்னப் பிள்ளை மாதிரி.

அவன் படத்தை நிறுத்தினான்.

"என்னட்டி சொன்ன?"

"எருமையைச் சொன்னேன்."

முகத்துல இன்னும் அந்தச் சிரிப்பு இருக்கு. அவளுக்குத் துடைக்கத் தோணலை. அவன் பின்னால ஓட்டி அந்தக் கட்டத்தைத் திருப்பிப் போட்டான். சிங்கம் மேல போச்சு, கீழ விழுந்துச்சு. "சிரி"ன்னான். அவ சிரிக்கலை. திருப்பியும் போட்டான். "அப்பம் சிரிச்சேல்லா? இப்பம் சிரி." அவளுக்கு உதடு கோணுச்சு, சிரிப்பு வரலை. ஒரு அறை விட்டான். "சிரிட்டி." இன்னொரு அறை.

நீங்க யோசிச்சுப் பாருங்க மதினி. வீட்டுக்கு ஒரு சிங்கம் மாதிரி இருக்கிற ஆம்பளை. அவன் முன்னால உக்காந்து, சிங்கம் விழுததைப் பாத்துக் கை தட்டலாமா?

முடியைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் டிவிக் கண்ணாடியில அவ முகத்தை வச்சு இடிச்சான். மூக்குல இருந்து ரத்தம் கண்ணாடியில வடியுது, அதுக்குப் பின்னால எருமை மேயுது. அவ அலறுதா. நான் வழக்கம்போல சத்தத்தை ஏத்தினேன். ஏத்தினா என்ன வருதுங்கீங்க? காத்துச் சத்தம். புல்லு ஆடுத சத்தம். அந்த ஆளு குசுகுசுன்னு ஏதோ பேசுதான். கடைசி வரைக்கும் ஏத்திட்டேன், அப்பமும் காத்துதான். நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினேன், கதவுத் தாப்பாளைப் போட்டேன். வேற என்ன செய்ய?

அவ கீழ விழுந்தா. கையை ஊனி எந்திரிக்கப் பாத்தா. அந்தக் கை மேல அவன் காலை வச்சு மிதிச்சான். காஞ்ச சுள்ளி முறியுத மாதிரி ஒரு சத்தம். அவ போட்ட கத்து இருக்கே, இந்தத் தெரு முழுக்கக் கேட்டுச்சு.

அப்பம்தான் மறு கையால பிளேயரைப் பிடிச்சு இழுத்தா. வயரெல்லாம் பிச்சுக்கிட்டு வந்துச்சு. இரும்புப் பெட்டி மாதிரி பழைய பிளேயர், நல்ல கனம். முட்டி போட்டு எந்திரிச்சு, தூக்கி, அவன் தலையில ஒரு போடு. அவன் அடிபட்டது தெரியாம அவளைத் திரும்பிப் பாத்தான். அவ அடிப்பாள்னு அவனுக்குத் தோணியே இருக்காது. இன்னொரு போடு. நெத்தியில இருந்து ரத்தம் கண்ணுக்குள்ள ஒழுகுது. அப்படியே உக்காந்துட்டான். "அக்கா"ன்னான்.

அவ அழலை. முறிஞ்ச கை தொங்குது, மறு கையில பிளேயர். மூக்கு வாயெல்லாம் ரத்தம்.

"மதினி, கதவைத் திறங்க"ன்னு எங்கிட்டச் சொன்னா.

நான் திறக்கலை. வெளிய ஆளு நிக்கிறது கேக்குது, எப்படித் திறக்க?

"திறங்க மதினி. இல்லாட்டி உங்களையும் அடிப்பேன்."

திறந்துட்டேன். வாசல்ல அந்த மேரி நிக்கா, அவ பின்னால தெருவே நிக்குது. மேரி உள்ள வரலை, இவளைத் தோளோட அணைச்சுக் கூட்டிட்டுப் போயிட்டா. அந்தப் பிளேயரைப் படி இறங்குத வரைக்கும் இவ கீழ வைக்கலை.

மகளிர் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போச்சு. மேரி சாட்சி சொல்லுதா: "அந்த வீட்டுல ஞாயித்துக்கிழமைன்னா சத்தமாத்தான் இருக்கும், படம் ஓடுதுன்னு நெனச்சோம். அன்னைக்குப் பின்னால ஒருத்தர் எருமையைப் பத்தி மெதுவாப் பேசிக்கிட்டிருந்தார். நடுவுல இந்தப் பொண்ணு கத்துது. அப்பதான் இத்தனை நாளும் கேட்டது என்னன்னு விளங்குச்சு." பாத்தீங்களா? அன்னைக்கும் ஒரு சண்டைப் படத்தை எடுத்துட்டு வந்திருந்தா யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. எல்லாம் அந்த ஜெபராஜ் செஞ்ச வேலை.

அந்த இன்ஸ்பெக்டரம்மா எங்கிட்டக் கேட்டா, "அவ்வளவு நேரம் நீங்க என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?"ன்னு. ரிமோட்டு வச்சிருந்தேன்னு உள்ளதைச் சொன்னேன். என்னை ஒரு பார்வை பாத்தா. எதுக்கு அப்படிப் பாத்தான்னு இன்னைக்கும் எனக்கு விளங்கலை.

உலகம்மாவோட அண்ணன்மார் வந்தாங்க, கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சு கடைசியில ரெண்டு பேரும் பிரிஞ்சாச்சு. காயிதமெல்லாம் சரியா இருக்கு, நீங்க கவலைப்படாதீங்க. அவ திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போறாளாம். கை கோணலாத்தான் சேந்திருக்காம். தனியா ரூம் எடுத்து டிவியும் வாங்கி வச்சிருக்காளாம். தனியா ஒரு பொம்பளை உக்காந்து என்னதான் பாப்பாளோ.

அவ திமிரைக் கேளுங்க. போன தை மாசம் எனக்கு போன் பண்ணினா. எங்க இருந்து நம்பர் பிடிச்சாளோ. "நல்லா இருக்கீங்களா மதினி?"ன்னா. இருக்கேன்னேன். அப்புறம் கேக்கா: "நான்தான் அங்க இல்லையே. இப்பம் அவரு யாரை அடிக்காரு?"

நான் போனை வச்சிட்டேன். கேக்குத கேள்வியா அது?

காப்பி குடிங்க, ஆறிடும். முறுக்கு எடுத்துக்கிடுங்க. நான் சாப்பிடலை, எனக்கு முறுக்கு கடிக்க முடியாது, இந்தப் பக்கம் பல்லு ரெண்டு போயிட்டுது. இல்லல்ல, வயசு ஆகலை. அது என் தப்புதான். இப்பம் நான்தான் கடைக்குப் போய்ப் படம் எடுத்துட்டு வாரேன், புதுப் பிளேயர் வாங்கியாச்சு. உலகம்மா மாதிரி நான் திணற மாட்டேன். அவன் பாத்த படம் எது, பாக்காதது எது, எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்தக் கை வெட்டுப்பட்டுதுன்னு கேட்டா டக்குன்னு சொல்லிடுவேன். போன ஞாயித்துக்கிழமை டிஸ்க்குல கீறல் இருந்திருக்கு, நான் கவனிக்கலை. நல்ல கட்டத்துல படம் நின்னு போச்சு. யாருக்குத்தான் கோபம் வராது?

அன்னைக்கு டிவி ரிமோட்டும் அவன் கையில இருந்துச்சு. அவனே சத்தத்தை ஏத்திக்கிட்டான்.

மாரிச்செல்விக்கு என்ன வயசு சொன்னீங்க? உடம்பு திடமா இருக்குமா? போட்டோவுல நல்லா திடமாத் தெரிஞ்சா. படம் பாக்கப் பிடிக்காட்டாலும் பரவாயில்லை, நான் எல்லாம் சொல்லிக் குடுத்திடுதேன். கடைக்கு நான் கூடப் போறேன். பக்கத்துல உக்கார ஒரு பொண்ணு வேணும் அவனுக்கு, அவ்வளவுதான்.

ஏன் மதினி எந்திரிக்கீங்க? காப்பி அப்படியே இருக்கே. நகை நட்டு ஒண்ணும் கேக்கலை மதினி, நான் கேட்டேனா? சீர்வரிசை வேண்டாம். பந்தல், மேளம், பத்திரிகை எதுவும் வேண்டாம். கட்டின சேலையோட வந்தாப் போதும். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமைதானே? கோமதி அம்மன் சந்நிதியில வச்சு மாலையை மாத்திக் கூட்டிட்டு வந்திடலாம், நான் போய் ஐயர்கிட்டப் பேசுதேன். செருப்பைப் போடாதீங்க, கொஞ்சம் நில்லுங்க, என் கையைப் பிடிச்சுச் சொல்லுங்க. வார ஞாயித்துக்கிழமைக்கு முன்னால முடிச்சிடலாமா மதினி?